கையைப் பிரிக்காத கற்சிலை

பொருட்காட்சியிலோ நண்பர் வீட்டு அலமாரியிலோ எகிப்திய அரசன் சிலை ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். 1922-இல் துட்டன்காமனின் கல்லறை கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, இத்தகைய அலங்காரச் சிலைகளுக்கு உலகெங்கும் ஒரு மோகம் பிறந்தது. அரசன் இடது காலை முன்வைத்து நிற்பான். கைகள் விலாவோடு ஒட்டியிருக்கும். அடுத்த முறை அதைத் திருப்பி முதுகையும் பாருங்கள். குதிகாலிலிருந்து மேலே செல்லும் ஒரு தூண் முதுகோடு ஒட்டியிருக்கும். கைக்கும் உடலுக்கும் நடுவே விரல் நுழைய இடமிராது.

எகிப்தியருக்குக் கையைப் பிரித்துக் காட்டத் தெரியாதா? நன்றாகத் தெரியும். சக்காராவில் கிடைத்த கா-அப்பெர் என்ற அதிகாரியின் மரச்சிலை ஏறத்தாழ 4,500 ஆண்டுகள் பழமையானது. அதில் ஒரு கை முன்னே நீண்டு கோல் பிடித்திருக்கிறது. முதுகில் தூண் கிடையாது. மரத்தில் கையைத் தனியே செய்து பொருத்திவிடலாம். கல்லில் அது எளிதன்று.

ராயகிரி, சிவகிரி, சங்கரன்கோவில் பக்கத்து மாணவர்களே, உங்கள் பாட்டியிடம் அம்மி கொத்த வந்தவரைப் பற்றிக் கேளுங்கள். எஃகு உளியால் ஓங்கித் தட்டினாலும் கருங்கல்லில் சிறு பொடிதான் உதிரும். உளியோ விரைவில் மழுங்கிவிடும். அதைக் காய்ச்சித் தோய்த்துக் கூராக்க வேண்டும். கருங்கல்லில் உள்ள பெல்ஸ்பாரின் கடினத்தன்மை மோஸ் அளவில் 6. குவார்ட்ஸின் கடினத்தன்மை 7. அன்றைய எகிப்தியரின் கையில் இருந்த உலோகமோ செம்பு. அதன் கடினத்தன்மை ஏறத்தாழ 3தான்!

பின் எப்படிச் செதுக்கினார்கள்? கல்லைக் கல்லால் இடித்தார்கள். டாலரைட் என்னும் உறுதியான கல்லை உருண்டையாக எடுத்துக் கருங்கல்லை இடித்து இடித்துப் பொடியாக்கினார்கள். அறுப்பதற்குச் செம்பு வாளின் கீழ் மணலைப் போட்டு இழுத்தார்கள். மணலில் இருப்பது குவார்ட்ஸ்தானே! அறுத்தது மணல், செம்பு அதை இழுத்துச் சென்றது, அவ்வளவுதான். அஸ்வான் கற்சுரங்கத்தில் ஏறத்தாழ 42 மீட்டர் நீளமுள்ள ஒற்றைக்கல் தூண் ஒன்று, சுற்றிலும் அகழி வெட்டப்பட்டு, பாறையிலிருந்து பெயர்க்கப்படாமலே கிடக்கிறது. விரிசல் கண்டதால் கைவிட்டுவிட்டார்கள். பக்கங்களில் இடித்த பள்ளங்கள் இன்றும் வரிசையாகத் தெரிகின்றன.

இன்னொரு தொல்லையும் உண்டு. கல் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும். இழுவையையும் வளைவையும் தாங்காது. மெல்லிய கையைத் தனியே பிரித்துவிட்டு அதன்மேல் இடித்தால் முழங்கையில் ஒடிந்துபோகும். ஒரு கை போனால் சிலையே போயிற்று. எனவே இடைவெளிக் கல்லை அகற்றாமல் விட்டார்கள். வலிமை மட்டுமே காரணமென்று சொல்லிவிட முடியாது. முதுகுத் தூணில் அரசனின் பெயரையும் பட்டங்களையும் பொறிக்கவும் இடம் கிடைத்தது.

முடியாத வேலையைக் காண அஸ்வான்வரை போகவேண்டாம். சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே உள்ள கழுகுமலைக்குப் போங்கள். அங்கே வெட்டுவான் கோவிலை 8-ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்துச் சிற்பிகள் ஒரே பாறையில் மேலிருந்து கீழாகக் குடைந்தார்கள். சிகரம் நிறைவாக இருக்கிறது, அடிப்பகுதி முற்றுப்பெறவில்லை. இவர்களிடம் இரும்பு உளி இருந்தது. அதனால் மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியைக்கூட விரல் நுணுக்கத்தோடு செதுக்க முடிந்தது. ஆனாலும் உருவங்களின் முதுகு பாறையோடுதான் இருக்கிறது. உளி மாறலாம், கல்லின் குணம் மாறாதல்லவா? வீசிய கரமும் பறக்கும் சடையும் வேண்டுமென்றால் நம்மவர் வெண்கலத்துக்குப் போனார்கள். நடராசர் திருமேனியை நினைத்துப் பாருங்கள்.

சரி, அலமாரியில் உள்ள சிலை கல்தானா? பள்ளி ஆய்வகத்தின் வில் தராசில் நூலால் கட்டி, முதலில் காற்றிலும் பிறகு நீரில் முழுக அமிழ்த்தியும் எடை பாருங்கள். (பாரிஸ் சாந்து என்று சந்தேகமிருந்தால் நீரில் விடவேண்டாம், வீட்டில் அடி விழும்!) காற்றிலுள்ள எடையை எடைக்குறைவால் வகுத்தால் ஒப்படர்த்தி கிடைக்கும். கருங்கல்லுக்கு 2.6 முதல் 2.7 வரை வரும். மிகக் குறைந்தால், கல்பொடியைப் பிசினில் குழைத்து அச்சில் வார்த்ததாக இருக்கலாம். 2.7 வந்தாலும் அவசரப்படாதீர்கள். மாக்கல்லுக்கும் சலவைக்கல்லுக்கும் ஏறத்தாழ அதே அளவுதான். அடிப்புறத்தில் நகத்தால் கீறுங்கள். கோடு விழுந்தால் மாக்கல். ஊசிக்குக் கோடு விழுந்து, வினிகர்த் துளியில் நுரைத்தால் சலவைக்கல்.

விலாப்பக்கத்தில் மெல்லிய நீண்ட ஒட்டுக்கோடும் ஊசிமுனைக் குமிழ்ப் பள்ளங்களும் தெரிந்தால் அது அச்சு வார்ப்பேதான். அச்சில் வார்ப்பவருக்கு உளியும் இல்லை, ஒடியும் பயமும் இல்லை. ஆனாலும் அந்த முதுகுத் தூண் அவருக்கும் வசதிதான். இடைவெளி இல்லாத உருவம் அச்சிலிருந்து சிக்காமல் கழன்று வரும்.