களஞ்சியத்துக்கு வெளியே

லினக்ஸ் கணினியில் மென்பொருள் நிறுவ ஒரு நேர்வழி உண்டு. டெபியன், உபுண்டு, ஃபெடோரா என எந்த வழங்கலுக்கும் சொந்தமாக ஒரு களஞ்சியம் இருக்கும். பொதிகள் அங்கே தொகுக்கப்பட்டு, கையொப்பத்தோடு கிடைக்கும். வேண்டிய மென்பொருள் அதில் இல்லாதபோதுதான் சிக்கல் தொடங்குகிறது. கூகுள் குரோமும் ஜூமும் டெபியன் களஞ்சியத்தில் கிடையாது. வேறு சில இருக்கும், ஆனால் பழைய பதிப்பாக இருக்கும். அப்போது வெளியார் கொடுப்பதைத்தான் நாட வேண்டும்.

டெபியன், உபுண்டு கணினிகளுக்கு வெளியிலிருந்து அதிகம் வருவது டெப் பொதி. நிறுவ வேண்டிய கோப்புகளோடு, நிறுவலுக்கு முன்னும் பின்னும் ஓடுகிற சிறு ஸ்கிரிப்டுகளும் அதற்குள் இருக்கலாம். இவை ரூட் அதிகாரத்தோடு ஓடுகின்றன. கடவுச்சொல்லைத் தட்டி எண்டரை அழுத்தியதும், பொதியைக் கட்டியவர் கணினியின் எந்தக் கோப்பிலும் கைவைக்க முடியும். மென்பொருளைத் திறந்துகூடப் பார்க்க வேண்டாம், நிறுவினாலே போதும்.

ஃப்ரீ டவுன்லோட் மேனேஜர் விவகாரம் இப்படித்தான் நடந்தது. காஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் 2023 செப்டம்பரில் விவரங்களை வெளியிட்டது. 2020 தொடங்கி 2022 வரை, அந்த மென்பொருளின் அதிகாரப்பூர்வத் தளத்தில் பதிவிறக்கப் பொத்தானை அழுத்திய லினக்ஸ் பயனர்களில் சிலர் மட்டும் வேறொரு முகவரிக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தார்கள். அங்கே கிடைத்த பொதியின் ஸ்கிரிப்ட், தற்காலிகக் கோப்புகளுக்கான கோப்புறையில் இரண்டு நிரல்களைப் போட்டுவிட்டுப் போனது. ஒன்றின் பெயர் க்ரோண்ட். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் லினக்ஸின் சொந்தச் சேவைக்கும் அதே பெயர்தான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்தப் போலி நிரலை எழுப்பிவிடும் ஏற்பாடும் இருந்தது. உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள், கிரிப்டோ பணப்பைக் கோப்புகள், கிளவுட் கணக்குகளின் சாவிகள் ஆகியவற்றைத் திரட்டி வெளியே அனுப்ப அது வழி திறந்துவிட்டது. புதிதாக முளைத்த கோப்புகளைச் சிலர் பார்க்கவும் செய்தார்கள். நச்சுநிரல் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஆகவே, பதிவிறக்கம் எந்த முகவரியிலிருந்து தொடங்குகிறது என்பதைப் பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். கோப்பின் ஹாஷ் எண்ணை ஒப்பிடச் சொல்வார்கள். வழியில் கோப்பு சிதைந்ததா என்று அறிய அது உதவும். ஆனால் தளத்துக்குள்ளேயே புகுந்தவர், பக்கத்தில் போட்டிருக்கும் எண்ணையும் மாற்றிவிடலாமே! வேலிக்கு ஓணான் சாட்சி சொல்கிற கதைதான். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் என்ற வழங்கலின் தளத்துக்குள் புகுந்தவர்கள், பின்கதவு வைத்த 17.3 சினமன் பதிப்புக்கு இணைப்பைத் திருப்பினார்கள். ஜிபிஜி கையொப்பம் ஹாஷ் எண்ணைவிட வலுவானது. கையொப்பமிடும் ரகசியச் சாவி தளத்தின் சர்வரில் இருக்க வேண்டியதில்லை. அதைச் சரிபார்க்கும் பொதுச்சாவியையும் அதே பக்கத்திலிருந்து எடுத்தால் மட்டும் பயன் குறைந்துவிடும். சாவியின் கைரேகை எண்ணை இன்னோர் இடத்திலும் பார்த்து ஒப்பிடுவது நல்லது. பெரும்பாலோர் இவ்வளவு மெனக்கெடுவதில்லை என்பதும் உண்மை.

ஒற்றைப் பொதியைவிட, வெளியாரின் களஞ்சியத்தையே சேர்ப்பதில் வசதி அதிகம்: புதுப்பிப்புகள் தாமாக வரும். ஆபத்தும் அதனாலேயே. இன்று நல்லவர் கையில் இருக்கும் களஞ்சியம் நாளை யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. பழைய ஏபிடி-கீ கட்டளையால் சேர்த்த சாவியைக் கணினி எல்லாக் களஞ்சியத்துக்கும் ஏற்றுக்கொண்டது. ஆகவே அந்த முறை கைவிடப்பட்டு, ஒவ்வொரு சாவியையும் அதனதன் களஞ்சியத்தோடு மட்டும் கட்டிவைக்கும் 'சைன்டு-பை' முறை வந்தது. இன்னும் பழைய கட்டளையையே கொடுக்கும் நிறுவல் வழிகாட்டிகளை ஒதுக்கிவிடலாம். உபுண்டு பயனர்களிடையே பிரபலமான பிபிஏ களஞ்சியத்தை யார் வேண்டுமானாலும் திறக்கலாம். உள்ளே இருப்பதற்கு உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனம் பொறுப்பேற்பதில்லை.

இணையத்திலிருந்து ஒரு ஸ்கிரிப்டை இழுத்து, படிக்காமலே ரூட்டாக ஓட்டவைக்கும் ஒற்றைவரிக் கட்டளைகளும் உண்டு. கெட்ட எண்ணமே இல்லாவிட்டாலும் இது கையைச் சுடும். 2011இல் பம்பிள்பீ என்ற கிராபிக்ஸ் மென்பொருளின் நிறுவல் ஸ்கிரிப்டில், அழிக்க வேண்டிய கோப்புறையின் முகவரிக்கு நடுவே ஓர் இடைவெளி தவறி விழுந்திருந்தது. உள்ளே இருந்த சிறு கோப்புறைக்குப் பதிலாக, கணினியின் நிரல்கள் பெரும்பாலும் குடியிருக்கும் 'யூஎஸ்ஆர்' முழுவதையும் அது அழித்தது. முதலில் கோப்பாக இறக்கி, எடிட்டரில் திறந்து படித்த பிறகே இத்தகைய ஸ்கிரிப்டை ஓட்ட வேண்டும். படித்தும் புரியாதவர் ஓட்டாமலிருப்பதே மேல்.

பிளாட்பேக், ஸ்னாப் வடிவங்கள் மென்பொருளை ஒரு வேலிக்குள் ஓட்டுகின்றன. ரூட் ஸ்கிரிப்ட் தொல்லை இங்கே பெருமளவு குறைவு. வேலி எவ்வளவு உயரம் என்பது கொடுத்த அனுமதிகளைப் பொறுத்தது. பயனரின் ஹோம் கோப்புறை முழுவதையும் திறந்துவிட்டால் ஆவணங்கள், படங்கள் எல்லாம் அந்த மென்பொருளின் கண்ணில் படும். பிளாட்சீல் என்ற கருவியில் பிளாட்பேக் அனுமதிகளைப் பார்த்துக் குறைக்கலாம். கடையில் இருப்பதெல்லாம் நல்ல சரக்கும் கிடையாது: 2018இல் ஸ்னாப் கடையிலிருந்த ஒரு விளையாட்டுக்குள் கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல் ஒளிந்திருந்தது.

நீக்குவதிலும் கவனம் தேவை. பொதியை நீக்கினாலும், அதற்காகச் சேர்த்த களஞ்சியமும் சாவியும் பல நேரம் அப்படியே கிடக்கும். அவற்றைத் தனியே அழிக்க வேண்டும். பொதிக்குள் பட்டியலிட்ட கோப்புகளை மட்டுமே நிறுவல் கருவி அறியும், ஸ்கிரிப்ட் தானாக உருவாக்கியவை அதன் கணக்கில் வராது. நச்சுநிரல் ரூட்டாக ஓடியது உறுதியானால், வேண்டிய ஆவணங்களை மட்டும் எடுத்துக்கொண்டு இயங்குதளத்தையே புதிதாக நிறுவ வேண்டும். கடவுச்சொற்களை வேறொரு கணினியிலிருந்து மாற்ற வேண்டும்.