கட்டியணைப்பதும் வைத்தியம்தான்

கொலம்பியாவின் பொகோட்டா நகரில், 1978-ல், ஒரு மகப்பேறு மருத்துவமனை திணறிக்கொண்டிருந்தது. குறைமாதக் குழந்தைகள் ஏராளம், இன்குபேட்டர்கள் சொற்பம். ஒரே பெட்டிக்குள் இரண்டு மூன்று குழந்தைகளைப் படுக்கவைக்க, ஒன்றின் கிருமி மற்றதற்கும் தொற்றியது. பெட்டி இல்லாவிட்டால் என்ன, தாயின் மார்பு இருக்கிறதே என்று துணிந்தார் குழந்தைநல மருத்துவர் எட்கர் ரே. அவருடைய சகா ஹெக்டர் மார்ட்டினெஸ் அதை வளர்த்தெடுத்தார். குட்டியைப் பையில் சுமக்கும் விலங்கின் பெயரே முறைக்கும் நிலைத்தது: கங்காரு பராமரிப்பு.

குழந்தைக்குத் தொப்பி, காலுறை, டயப்பர் மட்டும். தாயின் இரு மார்புக்கு நடுவே நிமிர்த்தி, வயிறும் நெஞ்சும் அவள் தோலோடு ஒட்டும்படி வைக்கிறார்கள். கால்கள் தவளைபோல் மடங்கியிருக்கும். தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, மூச்சு தடைபடாதபடி லேசாக நிமிர்த்திவிடுவார்கள். பிறகு துணியால் சுற்றிக் கட்டினால் முடிந்தது. தாய் சாய்ந்து உட்காரலாம், நடக்கலாம், அப்படியே தூங்கவும் செய்யலாம்.

தோலுக்கடியில் கொழுப்பு சேராத பிஞ்சு உடம்பு சட்டென்று குளிர்ந்துவிடும். தாயின் சூடு அதைக் காக்கிறது. பால் பக்கத்திலேயே இருக்கிறது. இவை எளிதில் புரிபவை. தோலுக்குள் இன்னொரு வேலையும் நடக்கிறது. தொட்ட இடம் எது, பொருள் சொரசொரப்பா வழவழப்பா என்று சொல்லும் நரம்புகள் நொடிக்குப் பல பத்து மீட்டர் வேகத்தில் செய்தி அனுப்புபவை. ரோமமுள்ள தோலில் வேறொரு வகை நரம்பிழை உண்டு. அதன் வேகம் நொடிக்குச் சுமார் ஒரு மீட்டர்தான், நாம் நடக்கிற வேகம்! நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வரை நகரும் வெதுவெதுப்பான வருடலுக்குத்தான் அது நன்றாகத் துடிக்கிறது. அது சொல்வது இடத்தையல்ல, இதத்தை. யாரும் சொல்லித்தராமலே பெற்றோர் குழந்தையை ஏறத்தாழ இதே வேகத்தில்தான் தடவிக்கொடுக்கிறார்கள்.

எடை குறைந்த குழந்தையை முதலில் கருவியில் வைத்து, நிலைமை சீரான பிறகே தாயிடம் தருவது வெகுகால வழக்கம். அது சரிதானா என்று இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் சோதித்தார்கள். 1 முதல் 1.8 கிலோ வரை எடையுள்ள 3,211 குழந்தைகள். ஒரு பிரிவினருக்குப் பிறந்த உடனேயே அணைப்பு, நாளுக்கு ஏறத்தாழ 17 மணி நேரம். 2021-ல் முடிவு வெளிவந்தது: முதல் 28 நாட்களில் வழக்கமான முறையில் 15.7 சதவீதம் குழந்தைகள் இறக்க, உடனே அணைக்கப்பட்டவர்களில் அது 12 சதவீதம். பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் சோதனையை முன்கூட்டியே நிறுத்தினார்கள். மருந்தொன்று இதைச் சாதித்திருந்தால் அதன் பெயர் எல்லோர் வாயிலும் இருந்திருக்கும்.

2022-ல் உலக சுகாதார நிறுவனம், நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம்வரை, முடிந்த அளவு அணைத்திருக்கச் சொல்லிவிட்டது. இதற்குத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்கும் ஒரு கட்டில் வேண்டும். பல மருத்துவமனைகளில் இன்னும் தாய் ஒரு வார்டு, பிள்ளை ஒரு வார்டு.

கைச்சூடு கண்டால் பிள்ளை கீழே இறங்காது என்று எச்சரிக்கும் பாட்டிகளுக்கும் ஒரு வார்த்தை: குறைமாதப் பிள்ளைக்கு அந்தச் சூடு கட்டாயம் வேண்டும். தாய்க்கு முடியாத நேரத்தில் அப்பாவோ பாட்டியோ மார்பில் கட்டிக்கொள்ளலாம். உங்கள் வீட்டில் அப்படியொரு பிள்ளை பிறந்தால், எப்போது அணைக்கலாம் என்று மருத்துவரிடம் முதல் நாளே கேளுங்கள்.