உங்களுக்குத் தெரியுமா? மத்தில்லாமல் எடுத்த வெண்ணெய்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள டெவன், கார்ன்வால் வட்டாரங்களின் பெருமை கிளாட்டட் கிரீம். கொழுப்பு மிகுந்த பாலேட்டை இளஞ்சூட்டில் மணிக்கணக்கில் வைத்து, மெல்ல ஆறவிட்டால் மேலே மஞ்சள் ஆடை படியும். அதனடியில் கெட்டியான வெண்மை திரண்டிருக்கும். 1998-இல் ஐரோப்பியப் புவிசார் பாதுகாப்பு பெற்ற கார்ன்வால் கிரீமில் குறைந்தது 55 சதவீதம் கொழுப்பு இருந்தாக வேண்டும்.

டப்பாவைத் திறந்துவிட்டால் சில நாள்தான் தாங்கும். மிஞ்சியதை என்ன செய்வது? பாதி வெண்ணெய் என்று நினைத்துக்கொண்டால் வழி தானே தெரியும். ஸ்கோன் என்னும் சிறு ரொட்டிக்கான மாவில் வெண்ணெய்க்குப் பதிலாக இதையே போட்டுப் பிசையலாம். இதில் ஈரமும் உண்டு என்பதால் பாலைக் குறைத்து ஊற்றுங்கள். இல்லையேல் மாவு விரலை விட்டு வராது. சர்க்கரையோடு காய்ச்சினால் ஃபட்ஜ் என்னும் மிட்டாய். மசித்த உருளைக்கிழங்கு சூடாக இருக்கும்போதே ஒரு கரண்டி சேர்ப்பதும் உண்டு. ரொட்டியில் கிரீமைத் தடவி, மேலே கரும்பாகை வழியவிட்டால் அதற்குப் பெயர் ‘இடியும் மின்னலும்’. பெயருக்காகவே ஒரு துண்டு தின்னலாம்!

நிறைய மிஞ்சினால்? டெவன் பண்ணைப் பெண்கள் அந்தக் காலத்தில் கிரீமைத் தொட்டியில் இட்டு, வெறுங்கையாலேயே சுற்றிச் சுற்றிக் கலக்குவார்கள். மோர் பிரிந்து, வெண்ணெய் உருண்டு திரளும். நீங்கள் கிண்ணமும் மரக்கரண்டியும் எடுத்துக்கொள்ளுங்கள்.