652 ‘சேவ்’களும் 205 என்ற எண்ணும்: மரியானோ ரிவேராவின் சாதனையை அளப்பது எப்படி?

பேஸ்பால் ஆட்டத்தில் தொடக்கப் பந்துவீச்சாளர் ஓய்ந்த பின், இடையில் களமிறங்குபவர் ‘ரிலீஃப் பிட்சர்’ எனப்படுகிறார். அவர்களுள் வெற்றியைக் காக்கக் கடைசி இன்னிங்ஸை வீசுபவர் ‘குளோசர்’. டி20 கிரிக்கெட்டில் இறுதி ஓவர்களை வீசுபவருக்கு ஒப்பான பொறுப்பு இது.

இப்பணியில் தலைசிறந்தவராகக் கருதப்படுபவர் பனாமா நாட்டைச் சேர்ந்த மரியானோ ரிவேரா. நியூயார்க் யாங்கீஸ் அணிக்காக 1995 முதல் 2013 வரை விளையாடிய அவர், 652 ‘சேவ்’களுடன் உலக சாதனை படைத்தார். 2019-இல் பேஸ்பால் புகழரங்கத்துக்கான வாக்கெடுப்பில் வாக்களித்த 425 பேரும் அவரையே ஆதரித்தனர். அதற்கு முன் எந்த வீரருக்கும் நூறு சதவீத ஆதரவு கிடைத்ததில்லை.

ஆனால் ‘சேவ்’ எண்ணிக்கை ஒரு பலவீனமான அளவுகோல். 3 ரன் முன்னிலையுடன் கடைசி இன்னிங்ஸை வீச வருபவர் 2 ரன் கொடுத்து ஆட்டத்தை முடித்தாலும் ஒரு ‘சேவ்’ சேர்ந்துவிடும். ஒரே ரன் முன்னிலையை ரன் ஏதும் கொடுக்காமல் காத்தவருக்கும் அதே ஒன்றுதான். குளோசராக நியமிக்கப்படாதவருக்கோ வாய்ப்பே அரிது.

ரிவேராவின் 1996-ஆம் ஆண்டே இதற்குச் சான்று. அப்போது அவர் குளோசர் அல்லர்; பெற்ற ‘சேவ்’கள் வெறும் 5. எனினும் 107 இன்னிங்ஸுக்கு மேல் வீசிய அவரது ‘இஆர்ஏ’ 2.09. களத்தடுப்புப் பிழைகளால் வந்தவற்றை நீக்கி, 9 இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் கொடுத்தார் என்பதே இஆர்ஏ. அவ்வாண்டு அமெரிக்கன் லீக்கின் மொத்தச் சராசரி ஏறத்தாழ 5. சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது வாக்கெடுப்பில் அவர் மூன்றாமிடம் பெற்றதில் வியப்பில்லை.

இஆர்ஏவையும் தனியே நம்ப இயலாது. 1952 முதல் 1972 வரை ஆடிய ஹாய்ட் வில்ஹெல்மின் இஆர்ஏ 2.52, பிற்காலத்தவரான டிரெவர் ஹாஃப்மனுடையது 2.87. வில்ஹெல்ம் வெகுவாக முந்தியதுபோல் தோன்றும். ஆனால் அவர் காலத்தின் பெரும்பகுதியில் ரன்கள் அரிது. 1968-இல் லீக் சராசரியே 3-க்குக் கீழ் இறங்கியது.

இதைச் சரிசெய்யவே ‘இஆர்ஏ பிளஸ்’ வந்தது. வீரரின் இஆர்ஏவை அவர் காலத்து லீக் சராசரியுடன் ஒப்பிட்டு, மைதானத்தின் தன்மையையும் கணக்கில் கொள்ளும் இம்முறையில் 100 என்பது சராசரி. அதைவிடக் கூடினால் சிறப்பு. இதன்படி வில்ஹெல்ம் 147, ஹாஃப்மன் 141. இடைவெளி சுருங்கிவிடுகிறது.

ரிவேராவின் எண் 205. அதாவது, அவரது இஆர்ஏ 2.21 என்றால், அதே சூழலில் சராசரிப் பந்துவீச்சாளரிடம் எதிர்பார்க்கத்தக்கது சுமார் 4.53. ரிவேரா ஏறத்தாழ 1,284 இன்னிங்ஸில் தம் கணக்கில் கொடுத்தவை 315 ரன்கள். சராசரி வீரர் சுமார் 646 கொடுத்திருப்பார். வித்தியாசம் 330 ரன்களுக்கு மேல். ‘சேவ்’ பட்டியலில் இது தெரிவதில்லை.

இங்கும் ஓர் எச்சரிக்கை அவசியம். லீக் சராசரியில் தொடக்கப் பந்துவீச்சாளர்களும் அடங்குவர். அவர்கள் ஒரே பேட்டரை மூன்று முறை சந்திக்க நேரும். சக்தியைச் சேமித்து வீச வேண்டும். ஒரே இன்னிங்ஸில் முழுவேகத்தையும் செலுத்தும் ரிலீஃப் பிட்சருக்கு அந்தச் சுமை இல்லை. 1995-இல் 10 ஆட்டங்களைத் தொடங்கிய ரிவேராவின் அவ்வாண்டு இஆர்ஏ 5.51 என்பதை அவரது ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை. முந்தைய வீரர் விட்டுச் சென்ற எதிரணி ஓட்டக்காரர் ரன் எடுத்தால், அதுவும் முந்தையவர் கணக்கிலேயே சேரும்.

ஆகவே ரிலீஃப் பிட்சரைப் பிற ரிலீஃப் பிட்சர்களுடன் ஒப்பிடுவதே நியாயம். அப்படிப் பார்த்தாலும் வில்ஹெல்ம், ஹாஃப்மன் இருவரையும்விட ரிவேரா 50 புள்ளிகளுக்கு மேல் முன்னே நிற்கிறார். வலுவான அணிகள் மட்டுமே எஞ்சும் பிந்தைய சுற்று ஆட்டங்களில் அவர் வீசிய 141 இன்னிங்ஸில் கொடுத்தவை 11 ரன்கள், இஆர்ஏ 0.70.