ஆடலும் பாடமும் குடும்பமும்: அன்றும் இன்றும்

தஞ்சாவூரில் எங்கள் தெருவுக்கு மருமகளாக வந்த பெண் ஒருத்தி, பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கணிதம் அவளுடைய பாடம். சிறு வயதிலிருந்தே பரதம் ஆடுகிறவள். பகலில் பயிற்சிக்கு ஒதுக்கிய பள்ளியில் பாடம் எடுக்கிறாள், மாலையில் ஆடுகிறாள், இரவில் மறுநாளைக்கு லெசன் பிளான் எழுதுகிறாள். இதைக் கண்டு தெருவில் யாரும் மூக்கில் விரல் வைப்பதில்லை. டீச்சருக்குப் படிக்கிற மருமகள், நன்றாக ஆடுகிற மருமகள் என்று பெருமையாகத்தான் பேசுகிறார்கள்.

நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த மூன்றும் ஒரே பெண்ணிடம் சேர்வது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். ஆடிய பெண் ஒரு வீட்டில் இருந்தாள், பாடம் நடத்தப் படித்த பெண் வேறு வீட்டில் இருந்தாள், கல்யாணமான பெண் இரண்டுக்கும் வெளியே இருந்தாள். அந்த மூன்று பேரும் ஒருத்தியாகி நிற்பதற்கு எவ்வளவு நடந்திருக்கிறது என்பதையும், இன்னும் எது நடக்கவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அன்று

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராசராசன் காலத்துக் கல்வெட்டு, கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைப் பேர்பேராகச் சொல்கிறது. ஒவ்வொருத்திக்கும் குடியிருக்க ஒரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல் பங்கு. ஆடல் அன்று சோறு போட்ட வேலை. இதே ஊரில்தான் மராட்டியர் அவையில் இருந்த தஞ்சை நால்வர் அலாரிப்பு முதல் தில்லானா வரை நாம் இன்று பார்க்கும் கச்சேரி முறையை 19ஆம் நூற்றாண்டில் வகுத்துக் கொடுத்தார்கள். அரண்மனையும் கோயிலும் தந்த ஆதரவு பின்னால் வற்றியது. விவரம் அறியாத வயதுச் சிறுமிகளுக்குப் பொட்டுக்கட்டிவிடும் வழக்கமோ நின்றபாடில்லை. பொட்டுக்கட்டியவளுக்குச் சாமிதான் புருஷன். ஊரார் நடுவில் தாலி கட்டிக் குடும்பம் நடத்தும் வாழ்க்கை அவளுக்கு இல்லை.

பள்ளிக்கூடத்தின் பக்கம் கதை வேறு மாதிரி. மிஷன் பள்ளிகளில் கிறிஸ்தவப் பெண்கள் முன்னமே பாடம் நடத்தி வந்தார்கள். சென்னையின் ஆசாரமான இந்துக் குடும்பங்களில் வயதுக்கு வந்த பெண் படிதாண்டுவதே அரிது. அந்த வீடுகளிலிருந்து ஆசிரியைப் பயிற்சிக்கு முதலில் வந்தவர்களில் பலர் இளம் விதவைகள். அதற்கு வழி திறந்தவர் சகோதரி சுப்புலட்சுமி. சிறுமியாக இருக்கும்போதே கணவனை இழந்த அவர், 1911இல் பி.ஏ. பட்டம் பெற்றார். இளம் விதவைகளுக்காக அவர் நடத்திய விடுதி, பிறகு கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் இயங்கியது. 1922இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது முதல்வரானார். அவருடைய கணக்கு தெளிவாக இருந்தது. விதவைப் பெண்ணுக்குச் சொந்தக் காலில் நிற்க ஒரு வேலை வேண்டும்; பெண் ஆசிரியை இருந்தால்தான் பெண் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புவோம் என்று பெற்றோர் சொல்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே விடை கண்டார். அந்த விடையில் சுமங்கலிக்குப் பெரிதாக இடமில்லை. அவளுக்கு அடுப்படி இருந்தது.

சுப்புலட்சுமி பிறந்த அதே 1886இல்தான் முத்துலட்சுமி ரெட்டியும் பிறந்தார். தேவதாசிக் குலத்துத் தாயின் மகள், மருத்துவர், சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குள் போன முதல் பெண். பொட்டுக்கட்டுவதைத் தடுக்க அவர் தொடங்கிய போராட்டம் 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டமாக முடிந்தது. ஒருவர் தாலி அறுந்த பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தைத் திறந்தார். இன்னொருவர் தாலியே கிடைக்காத பெண்ணுக்குக் குடும்ப வாழ்க்கையைத் திறந்தார். ஒரே வயதுக்காரர்களான இந்த இரண்டு பேருக்கும் தமிழ்ப் பெண்கள் பட்டிருக்கும் கடன் பெரியது.

ஆடலையும் பாடத்தையும் திருமணத்தையும் ஒரே வாழ்க்கையில் சேர்த்துக் காட்டியவர்களில் முன்னால் நிற்பவர் ருக்மிணி தேவி. 1920இல், பதினாறு வயதில், கல்வியாளரான ஜார்ஜ் அருண்டேலை மணந்துகொண்டார். சென்னை கொந்தளித்தது. மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்று, 1935 டிசம்பரில் அடையாறில் மேடையேறினார். சென்னை திரும்பவும் கொந்தளித்தது. அடுத்த வருஷமே அவருடைய நடனப் பள்ளியான கலாக்ஷேத்திரா பிறந்தது. 1939இல் மரியா மாண்டிசோரி இந்த இணையரின் அழைப்பில் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அடவு கற்பிப்பதும் ஆசிரியரை உருவாக்குவதும் ஒரே இடத்தில் அக்கம்பக்கமாக நடந்தன.

இதில் வலியும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஆடல் புதிய வீடுகளுக்குப் போனபோது, தலைமுறை தலைமுறையாக அதைக் காத்துத் தந்த பெண்களில் பெரும்பாலோருக்கு மேடை கிடைக்கவில்லை. கௌரி அம்மாள், பாலசரஸ்வதி போன்ற சிலர்தான் குருவாகவும் கலைஞராகவும் வரலாற்றில் நிலைத்தார்கள். இன்று சலங்கை கட்டும் ஒவ்வொரு குடும்பப் பெண்ணும் அந்தப் பேரில்லாத பெண்களிடமிருந்து பெற்றதைத்தான் ஆடுகிறாள்.

இடையில்

அடுத்து வந்த ஐம்பது ஆண்டுகளில் ஆடலும் ஆசிரியை வேலையும் நடுத்தர வீடுகளுக்குள் நன்றாகவே நுழைந்தன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காலக்கெடு வைத்தார்கள். ஆடல் கல்யாணம் வரைக்கும். அரங்கேற்றத்தைக் கல்யாணம் போலவே பத்திரிகை அடித்து, பட்டு எடுத்து, பந்தி வைத்து நடத்துவார்கள். பெண் பார்க்க வந்தவர்களிடம் ஆல்பத்தைக் காட்டுவார்கள். தாலி ஏறிய பிறகு சலங்கை பீரோவின் மேல்தட்டுக்குப் போய்விடும்.

பி.எட். அதற்கு நேர்மாறு. அது கல்யாணத்துக்குப் பொருத்தமான படிப்பு என்று பேர் வாங்கியது. ஒரே வருஷத்தில் முடிந்துவிடும், நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்துவிடலாம், பிள்ளைகளுக்கு லீவு என்றால் தாய்க்கும் லீவு. வேலைக்குப் போனாலும் வீட்டு வேலை தடைபடாது என்பதுதான் அந்தப் பாராட்டின் உட்பொருள்.

அந்தத் தலைமுறை ஆசிரியைகளில் ஆடத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர். ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளைப் பழக்கும் சாக்கில்தான் அவர்களுக்கு ஆடக் கிடைத்தது. மதிய இடைவேளையில் வகுப்புக் கதவைச் சாத்திக்கொண்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, பெஞ்சுகளை ஓரமாக ஒதுக்கி அவர்கள் ஆடிக் காட்டியதைப் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மேடையில் ஆடியதெல்லாம் பிள்ளைகள்தான். டீச்சர் திரைக்குப் பின்னால் நின்று வாயசைத்துக்கொண்டிருந்தார்.

இன்று

எங்கள் தெருப் பெண்ணின் நாள் ஐந்து மணிக்குத் தொடங்குகிறது. வாசல் தெளித்துக் கோலம், டிபன், மூன்று டிபன் பாக்ஸ். குளித்துவிட்டுக் கல்லூரிச் சீருடைப் புடவையைக் கட்டுவதற்குள், "அத்தை, குக்கர மூணு விசில்ல நிறுத்திடுங்க" என்று ஒரு குரல். "நான் பாத்துக்கறேன், நீ பஸ்ஸைப் பிடி" என்று அடுப்படியிலிருந்து மறுகுரல். மாமியார் நல்லவர். அவர் வயதில் அவருக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லை. சாதாரண நகரப் பேருந்தில் 2021இலிருந்து பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. சம்பளமில்லாத பயிற்சி மாணவிக்கு அது சின்ன விஷயமல்ல.

பி.எட். இப்போது இரண்டு வருஷம். 2014இல் வந்த புதிய விதிகளின்படி பள்ளியில் மட்டும் 20 வாரம் இருக்க வேண்டும். அதில் 16 வாரம் இரண்டாம் ஆண்டில். வழிகாட்டி ஆசிரியர் பின் பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெழுத, இவள் முன்னால் நின்று பாடம் எடுக்கிறாள். ஆறாம் வகுப்பில் மீச்சிறு பொது மடங்கு நடத்திய நாளைப் பற்றி அவளே எனக்குச் சொன்னாள். சூத்திரத்தைப் பலகையில் எழுதியபோது பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். உடனே வகுப்பை இரண்டாகப் பிரித்தாள். ஒரு பக்கம் 'தகிட' சொல்ல வேண்டும், மறுபக்கம் 'தகதிமி'. இரண்டும் ஒரே வேகம், ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்துக்கும் ஒரு கைதட்டு. மூன்றில் ஒரு பக்கம் தட்டுகிறது, நான்கில் மறுபக்கம், ஆறில், எட்டில், ஒன்பதில் என்று மாறி மாறி விழுந்த தட்டு, 12இல் வகுப்பு முழுக்க ஒன்றாக விழுந்தது. பிள்ளைகள் கத்திவிட்டார்கள். "மிஸ், அடுத்தது 24லயா?" என்று ஒரு பையன் கேட்டான். கணக்கு அவனுக்குள் இறங்கிவிட்டது. "மிஸ், நீங்க டான்ஸ் ஆடுவீங்களா?" என்று ஒரு பெண் கேட்டாள். அதற்கும் ஆமாம் என்று சொல்லியிருக்கிறாள்.

திச்ரம் மூன்று, சதுச்ரம் நான்கு, கண்டம் ஐந்து, மிச்ரம் ஏழு, சங்கீர்ணம் ஒன்பது. பத்து வயதுக்குள் உடம்பில் ஏறிய எண்கள் இவை. அவற்றை வகுப்பறைக்குக் கொண்டுவர அவளுக்கு எந்தச் சாக்கும் தேவைப்படவில்லை. பி.எட். பாடத்திட்டத்திலேயே நாடகத்தையும் கலையையும் பற்றி ஒரு தாள் இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் 2022இலிருந்து கலைத் திருவிழா நடக்கிறது. குழு நடனத்துக்குப் பிள்ளைகளைத் தயார் செய்ய ஆள் தேடும்போது முதலில் கூப்பிடுவது இவளைத்தான். ஆனால் பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் நடன ஆசிரியர் என்று ஒரு பணியிடமே கிடையாது. பயிற்சிக்கு வந்த மாணவியின் தயவில்தான் அந்த மேடை நிற்கிறது.

மாலை ஐந்தரைக்கு வீடு திரும்பி, பாத்திரம் ஒழித்து, மாடிக்குப் போகிறாள். தட்டுக்கழிச் சத்தம் போனில் பதிவாக இருக்கிறது. தட்டடவு, நாட்டடவு என்று மூன்று காலத்திலும் போட்டு முடித்துவிட்டு வர்ணத்துக்கு வரும்போது பாதி நாட்களில் கீழிருந்து யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள். அரைமண்டி பொல்லாதது. நான்கு நாள் விட்டால் தொடை காட்டிக்கொடுத்துவிடும். கணவர் அவளுடைய நிகழ்ச்சிகளுக்கு முன்வரிசையில் வந்து உட்காருகிறார், படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடுகிறார். அவர் பெருமை உண்மையானது. இரவில் சார்ட் ஒட்டவும் உதவுகிறார். இரவுச் சாப்பாடு மட்டும் அவள் கையில்தான்.

மாறாதது

இது அந்த ஒரு வீட்டின் குறை இல்லை. மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019இல் சொன்னது இது: வீட்டு வேலை செய்வோரில் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம். 2024 கணக்கெடுப்பில் பெண்களுக்கு அது 289 ஆனது. ஆண்களுக்கு 88 ஆனது. பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்தபோது ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. இருவருக்கும் நடுவிலிருந்த தூரம் அப்படியே இருக்கிறது.

நூறு வருஷத்தில் நாம் பெண்ணுக்குக் கொடுத்தது அனுமதி. படிக்கலாம், ஆடலாம், கல்யாணத்துக்குப் பிறகும் இரண்டையும் தொடரலாம். அந்த அனுமதிக்காகப் பட்ட பாட்டை மேலே பார்த்தோம், அது சாதாரணமானதில்லை. ஆனால் அன்று மூன்று பெண்கள் மூன்று வீடுகளில் வாழ்ந்த வாழ்க்கையை இன்று ஒருத்தி அதே இருபத்துநாலு மணி நேரத்துக்குள் வாழ்கிறாள். அனுமதியோடு சேர்த்து நேரத்தைக் கொடுக்க நாம் மறந்துவிட்டோம்.

விதிகளும் அப்படியே மறந்திருக்கின்றன. தமிழக அரசு 2021இல் தன் பெண் ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பை 12 மாதமாக உயர்த்தியது. அருமையான காரியம். அரசுப் பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியைக்கு அது கிடைக்கிறது. அதே பள்ளியில், அதே வகுப்பில், அவருக்குப் பதிலாக நின்று பாடம் எடுக்கும் பயிற்சி மாணவிக்குப் பள்ளிப் பயிற்சியில் 90 சதவீத வருகை கட்டாயம். இருபதுகளின் நடுவில் படிக்கும் மணமான பெண்கள் நிறைந்த படிப்பு இது. கருவுற்றவள் என்ன செய்வாள்? ஒன்று, முடியாத உடம்போடு பஸ் ஏறுவாள். இல்லையென்றால் படிப்பை ஒத்திவைப்பாள். ஒத்திவைத்த படிப்புக்குத் திரும்பி வருவது எவ்வளவு கடினம் என்று பெண்களைக் கேட்டால் தெரியும். பாதியில் விட்ட வாரங்களைக் குழந்தை பிறந்தபின் அதே பள்ளியில் தொடர்ந்து முடிக்கலாம் என்று ஒரு வரி சேர்த்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

வீட்டிலும் செய்ய வேண்டியது எளிமையானதுதான். சாயங்காலம் ஒரு மணி நேரம் மாடியிலிருந்து அவளைக் கூப்பிடாமல் இருப்பது. இரவுச் சமையலைக் கணவர் தன் வேலையாக எடுத்துக்கொள்வது. உதவி என்று சொல்லாமல், தினமும். முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிறவர், அந்தக் கைதட்டலுக்கு வேண்டிய உழைப்பின் நேரத்தை முதல்நாளே கொடுத்திருக்க வேண்டும்.

முத்துலட்சுமியும் சுப்புலட்சுமியும் தங்கள் காலத்தில் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்கள். சட்டத்தையும் கல்லூரியையும் வாங்கிக் கொடுத்தார்கள். நாம் கொடுக்க வேண்டிய மிச்சம் அதைவிடச் சின்னது. அதற்குச் சட்டமன்றம் கூட வேண்டியதில்லை. ஒவ்வொரு வீட்டு அடுப்படியிலும் இன்றைக்கு ராத்திரியே தொடங்கலாம்.