கையில் கட்டிய கடிகாரம்: வேலைக்காரனா, எஜமானா?



மும்பையின் மின்சார ரயிலில் காலை வேளையில் நீங்கள் பயணம் செய்ததுண்டா? ஒரு கை மேலே தொங்கும் பிடியைப் பற்றியிருக்கும். மறு கை சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்திருக்கும். மணி என்னவென்று அறிய வேண்டும். அந்த நெரிசலில் கைபேசியை வெளியே எடுத்தால் தவறி விழலாம், பறிபோகவும் கூடும். பிடியைப் பற்றிய கையிலே ஒரு கடிகாரம் இருந்தாலோ, கண்ணைச் சற்று உயர்த்தினாலே போதும்.

"கைபேசி இருக்கிறதே, கடிகாரம் எதற்கு?" என்று சொல்லி அதைக் கழற்றி வைத்த அநேகர், மீண்டும் கடிகாரம் கட்டத் தொடங்கியிருக்கிறார்கள். கடைக்குச் சென்றால், அங்கே இருவகைப் புதிய கடிகாரங்கள் உண்டு. ஒன்று, முகம் முழுவதும் ஒளிரும் திரையாக உள்ள ஸ்மார்ட் வாட்ச். மற்றொன்று, பார்வைக்கு நம் தகப்பன்மார் கட்டிய சாதாரண முள் கடிகாரம் போலவே இருக்கும். ஆனால் அதனுள்ளே காலடிகளை எண்ணுகிற, கைபேசியோடு தொடர்பு வைத்திருக்கிற நுட்பமான கருவி ஒன்று ஒளிந்திருக்கும். சிலவற்றில் நாடித்துடிப்பை அளக்கும் வசதியும் உண்டு. இந்த இரண்டாவது வகைக்கே ஹைப்ரிட் ஸ்மார்ட் வாட்ச் என்று பெயர்.

இதனை அனுதினமும் கட்டிக்கொள்வது நமக்குப் பிரயோஜனமா? அதனால் வரும் தீங்கு யாது? இவ்விரண்டையும் நிதானமாக ஆராய்வோம்.

பழைய முள்ளும் புதிய கருவியும்

நம்மில் மூத்தவர்கள் எச்.எம்.டி. கடிகாரத்தை மறந்திருக்க மாட்டார்கள். ஜப்பான் நாட்டின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு 1961-ஆம் ஆண்டு பெங்களூரில் தொடங்கப்பட்ட தொழிற்சாலையின் கடிகாரம் அது. அதன் ஜனதா என்ற வகைக்குத் தினந்தோறும் சாவி கொடுக்க வேண்டும். அது தன் எஜமானிடம் கேட்டது அந்த ஒன்றை மாத்திரமே. எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூடுவதற்கு மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது.

அதற்குள் உலகம் வேறு திசையில் சென்றிருந்தது. பிரெஞ்சு நிறுவனமாகிய விதிங்ஸ், 2014-இல் ஆக்டிவிட்டே என்ற கடிகாரத்தை அறிவித்தது. அதன் டயலுக்குள் இருந்த சிறிய வட்டத்தில் ஒரு முள், அன்றைய நடையின் இலக்கில் எத்தனை சதவீதம் முடிந்தது என்று காட்டியது. 2016-இல் கார்மின், ஃபாசில் ஆகிய நிறுவனங்களும் இவ்வகைக் கடிகாரங்களைக் கொண்டுவந்தன. 2019-இல் ஃபாசில், முட்களுக்குப் பின்னால் காகிதம் போன்ற மங்கலான திரையையும் நாடி அளக்கும் வசதியையும் சேர்த்தது.

நன்மைகள்

முதலாவது, மின்சாரக் கவலை குறைவு. ஒளிரும் திரையுள்ள கடிகாரங்களில் பலவற்றை ஓரிரு நாட்களுக்கு ஒருமுறை மின்னேற்றம் செய்ய வேண்டும். முள் கடிகாரத்திற்கு அவ்வளவு மின்சாரம் தேவையில்லை. நாணயம் போன்ற பட்டன் செல்லில் ஓடுபவை மாதக்கணக்கில் ஓடும். மின்னேற்றம் செய்யும் வகையிலும் சில ஐந்து நாட்களும், சில இரண்டு வாரங்களும், விதிங்ஸ் ஸ்கேன்வாட்ச் போன்றவை ஏறக்குறைய முப்பது நாட்களும் தாங்கும். ஒரே அறையில் நான்கு பேர் தங்கி, ஒரே பிளக்கைப் பகிர்ந்துகொள்ளும் வாலிபர்களுக்கும், இரவுப் பணிக்குச் செல்லும் காவலாளிகளுக்கும் செவிலியருக்கும் இது சிறிய உதவியல்ல.

இரண்டாவது, அமைதி. கையை அசைக்கும்போதெல்லாம் திரை பளிச்சிட்டு அருகிலிருப்போரின் கண்ணை இழுப்பதில்லை. பிள்ளையின் பள்ளி, வாழ்க்கைத்துணை, ஊரிலுள்ள பெற்றோர் ஆகியோரின் அழைப்புக்கு மாத்திரம் மணிக்கட்டில் மெல்லிய அதிர்வு வரும்படி பலவற்றில் அமைத்துக்கொள்ளலாம். அப்பொழுது கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு மனநிம்மதியாய் வேலை செய்ய முடியும்.

மூன்றாவது, எங்கும் பொருந்தும். அலுவலகத்திற்கும் திருமண வீட்டிற்கும் துக்க வீட்டிற்கும் இதை உறுத்தலின்றிக் கட்டிச் செல்லலாம்.

நான்காவது, நடக்கத் தூண்டும். நகரத்தில் நாற்காலியிலேயே நாளைக் கழிப்பவருக்கு, "இன்று இரண்டாயிரம் அடிகளே நடந்திருக்கிறாய்" என்று ஒரு முள் காட்டுவது நல்ல கண்டிப்பாகும். ஆயினும் 10,000 அடிகள் நடந்தே தீரவேண்டும் என்று எண்ணிக் கலங்காதிருங்கள். அந்த எண் மருத்துவ ஆராய்ச்சியிலிருந்து பிறந்ததன்று. 1964 டோக்கியோ ஒலிம்பிக் போட்டிகளுக்குப் பின், 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நடை அளக்கும் கருவி ஒன்றின் பெயரே "பத்தாயிரம் அடி அளவி" என்று பொருள்படும். அந்த விற்பனைப் பெயரே உலகெங்கும் பரவியது. அமெரிக்காவில் சராசரியாக 72 வயதுள்ள பெண்களைக் குறித்து 2019-இல் வெளியான ஆய்வு, நாளொன்றுக்கு ஏறக்குறைய 2,700 அடிகள் நடந்தவர்களைவிட 4,400 அடிகள் நடந்தவர்களிடையே மரணம் குறைவாயிருந்ததென்றும், 7,500 அடிகளுக்கு மேல் கூடுதல் பலன் காணப்படவில்லையென்றும் தெரிவித்தது. ஆகவே முதிர்வயதுள்ள தாய்மார் சோர்ந்துபோக வேண்டியதில்லை. நேற்று நடந்ததைவிடச் சற்று அதிகமாய் இன்று நடந்தாலே நன்மைதான்.

குறைகள்

இக்கடிகாரத்தில் திரை சிறியது, அல்லது இல்லவே இல்லை. அதிர்வு வரும், செய்தியைப் படிக்க முடியாது. ஆகவே கைபேசியைத் தேடி எடுக்கிறோம். எடுத்த கையோடு மற்ற செய்திகளையும் பார்க்கிறோம். கைபேசியிலிருந்து விடுதலை வேண்டும் என்று வாங்கிய கருவியே நம்மைக் கைபேசிக்கு அழைக்கும் மணியாகிவிடுகிறது. எல்லா அறிவிப்புகளையும் திறந்து வைத்திருப்பவருக்கு இத்தொல்லை நிச்சயம்.

விலையையும் கவனியுங்கள். இதே தொகைக்கு நெடுநாள் உழைக்கும் நல்ல முள் கடிகாரம் ஒன்றை வாங்கலாம். மேலும், இதன் புதிய வேலைகளெல்லாம் நிறுவனத்தின் செயலியைச் சார்ந்தவை. பெபிள் என்ற ஸ்மார்ட் வாட்ச் நிறுவனம் 2016-இல் மூடப்பட்டது. அதன் இணையச் சேவைகள் 2018 ஜூன் மாதத்தோடு நின்றன. ஃபாசில் நிறுவனமும் 2024 ஜனவரியில் ஸ்மார்ட் வாட்ச் தயாரிப்பிலிருந்து விலகுவதாக அறிவித்தது. செயலி நின்றாலும் ஹைப்ரிட் கடிகாரம் மணி காட்டும் என்பது ஒரு ஆறுதலே. ஆனால் சிலவற்றில் முட்களைச் சரிசெய்வதற்கும் செயலியே வேண்டும் என்பதை மறவாதிருங்கள்.

மும்பை, சூரத் போன்ற புழுக்கமான நகரங்களில் வாருக்கு அடியில் வியர்வையும் சோப்பும் தங்கித் தோலில் தடிப்பு உண்டாவதுண்டு. தோல் அரிப்பு குறித்த புகார்களால் 2014-இல் ஃபிட்பிட் ஃபோர்ஸ் என்ற கைப்பட்டை சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. இரவும் பகலும் கட்டியே இருக்காமல், தினமும் சற்று நேரம் கழற்றி, கையையும் வாரையும் துடைத்து உலரவிடுவது நல்லது.

உங்கள் நடை, உறக்கம், நாடித்துடிப்பு ஆகிய விவரங்கள் நிறுவனத்தின் கணினிக்குச் செல்கின்றன என்பதும் ஒரு குறையே. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென நம் நாட்டில் 2023-இல் ஒரு சட்டம் நிறைவேறியது. ஆயினும் செயலி கேட்கும் அனுமதிகளுக்கெல்லாம் படிக்காமல் சம்மதம் கொடுப்பவரைச் சட்டம் எவ்வளவு தூரம் காப்பாற்றும்? சற்று யோசியுங்கள்.

உயிரைத் தொடும் இரண்டு எச்சரிக்கைகள்

இதுவரை சொன்னவை பணத்தையும் வசதியையும் பற்றியவை. இனிச் சொல்பவற்றை மிகுந்த ஜாக்கிரதையோடு வாசியுங்கள்.

சொந்த ஊரை விட்டு நகரத்தில் தனியே தங்கியிருக்கும் ஒரு குடும்பத் தலைவரை எண்ணிக்கொள்ளுங்கள். நள்ளிரவில் அவருக்கு மார்பு இறுகுகிறது, இடது கை கனக்கிறது, வியர்க்கிறது. கடிகாரத்தைப் பார்க்கிறார். நாடித்துடிப்பு 78 என்கிறது. "சரியாகத்தானே இருக்கிறது, வாயுவாக இருக்கும்" என்று மீண்டும் படுத்துக்கொள்கிறார். ஊரிலென்றால் மூத்தவர் ஒருவர், "எழுந்திரு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று இழுத்துச் சென்றிருப்பார். இங்கே அதைச் சொல்ல ஆளில்லை. மூத்தவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு எண் உட்கார்ந்திருக்கிறது.

பிரியமானவர்களே, மாரடைப்பின்போதும் நாடித்துடிப்பு சாதாரணமாய் இருக்கக்கூடும். கடிகாரம் இருதயத்தை நேரே பார்ப்பதில்லை. அதன் அடிப்பகுதியிலிருந்து பச்சை ஒளி தோலுக்குள் பாய்கிறது. இரத்தம் அந்த ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இரத்தம் கூடிக் குறைவதால், திரும்பிவரும் ஒளியும் மாறுகிறது. அந்த மாற்றத்தை எண்ணித்தான் கணக்குச் சொல்லப்படுகிறது. வார் தளர்ந்திருந்தாலும், கை குளிர்ந்திருந்தாலும், பாரம் தூக்கும்போதும் கணக்குத் தவறலாம். சில கடிகாரங்கள் இ.சி.ஜி.யும் எடுக்கின்றன. நாடியின் ஒழுங்கற்ற ஓட்டத்தைக் கண்டறிய அது உதவும். ஆனால் மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் கருவி அதுவன்று. மார்பு வலி வந்தால் கடிகாரத்தைப் பாராதீர்கள். பக்கத்து வீட்டாரை எழுப்புங்கள், 112-ஐ அழையுங்கள், மருத்துவமனைக்கு விரையுங்கள்.

நீரிழிவு உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊசி குத்தாமலே இரத்தச் சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் கடிகாரங்களையும் மோதிரங்களையும் உபயோகிக்க வேண்டாமென்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அந்தத் தவறான எண்ணை நம்பி மாத்திரையையோ இன்சுலினையோ கூட்டிக் குறைத்தால் உயிருக்கே ஆபத்து.

இரண்டாவது எச்சரிக்கை, சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு. ஹைப்ரிட் கடிகாரங்கள் சிலவற்றில் சி.ஆர். 2025, சி.ஆர். 2032 போன்ற பட்டன் செல்கள் உள்ளன. இந்த எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் அதன் குறுக்களவை மில்லிமீட்டரில் குறிக்கும். அந்த 20 மில்லிமீட்டர், ஒரு குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளப் போதுமான அளவு. சிக்கிய செல் இரண்டு மணி நேரத்திற்குள்ளாகவே கடுமையான புண்ணை உண்டாக்கக்கூடும். தேய்ந்துபோன செல்லிலும் இந்த ஆபத்து உண்டு. ஒரே அறையில் சமையலும் உறக்கமும் விளையாட்டும் நடக்கிற நம் வீடுகளில், மாற்றிய செல்லை ஜன்னல் விளிம்பில் வைத்து மறந்துவிடுவது எளிது. அதன்மேல் ஒட்டுநாடாவைச் சுற்றி உடனே அப்புறப்படுத்துங்கள். பிள்ளை விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும். வாந்தியெடுக்க வைக்காமல், தாமதமின்றி அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

வாங்க நினைப்பவர் தம்மைத் தாமே சில கேள்விகள் கேட்டுக்கொள்ளட்டும். எனக்கு முக்கியமாய் வேண்டியது மணியா, நடைக் கணக்கா, அழைப்பின் அதிர்வா? மணி மாத்திரம் போதுமென்றால் சாதாரணக் கடிகாரமே உத்தமம். நான் வசிக்கும் நகரத்தில் இதைப் பழுதுபார்ப்பவர் உண்டா? பட்டன் செல்லா, மின்னேற்றமா? நாணயத்தையோ திருகாணியையோ கொண்டு திறக்க வேண்டிய மூடியா, கையாலேயே திறந்துவிடுமா? இன்று என்னிடமுள்ள கைபேசியில் இதன் செயலி இயங்குமா?

வாங்கிய அன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எல்லா அறிவிப்புகளையும் அடைத்துவிட்டு, மூன்று அல்லது நான்கு பேருடைய அழைப்பை மாத்திரம் திறந்து வையுங்கள். அந்த மூன்று பேர் யார் என்று யோசிக்கும்போதே, உங்கள் வாழ்வில் யாருக்கு எந்த இடம் என்பது உங்களுக்கே விளங்கும்.

அந்த ஒரு பார்வை

முடிக்குமுன் ஒரு காரியம். ஒருவர் நம்மோடு பேசும்போது நாம் கடிகாரத்தைப் பார்த்தால், அதற்கு எக்காலத்திலும் ஒரே அர்த்தம்தான்: "எனக்கு நேரமாகிறது, முடித்துக்கொள்ளும்." மணிக்கட்டு அதிர்ந்ததால் பார்த்தோம் என்பது நமக்குத் தெரியும். எதிரே இருப்பவருக்கோ தெரியாது. சமையலறையிலிருந்து வந்து, பகலெல்லாம் மனதில் வைத்திருந்த ஒன்றைச் சொல்லத் தொடங்கும் மனைவிக்குத் தெரியாது. பரீட்சையில் தோற்றுப்போய், அதை எப்படிச் சொல்வதென்று தயங்கி நிற்கும் மகனுக்குத் தெரியாது. அவர்கள் அந்தப் பார்வையை மட்டுமே காண்கிறார்கள்; சொல்ல வந்ததை விழுங்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். எந்தச் செயலியும் இந்த நஷ்டத்தைக் கணக்கிட்டுக் காட்டுவதில்லை.

ஆகவே, இரவு வீட்டுக்கு வந்ததும், சாப்பாட்டுக்கும் குடும்ப ஜெபத்திற்கும் உட்காருமுன், அதைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். மணிக்கட்டும் காற்றாடும், வீட்டாரும் மனந்திறந்து பேசுவார்கள். காலையில் ரயிலேறும்போது மறுபடியும் கட்டிக்கொள்ளுங்கள். சொன்ன வேலையை மட்டும் செய்யுமட்டும் அது நல்ல வேலைக்காரன்தான். அதை எஜமானாக உயர்த்துவதும், வேலைக்காரனாகவே வைத்திருப்பதும் நம் கையில்தான் இருக்கிறது.