பொருட்காட்சிச் சாலையில் நெசவாளர்க்கும் சம்சாரிக்கும் என்ன உண்டு?

கோவில்பட்டி வட்டாரத்துச் சங்க அங்கத்தினர்கள் சென்னைக்குச் சென்று வருவது புதிதன்று. கோ-ஆப்டெக்ஸ் தலைமை அலுவலகத்தில் ஒரு காரியம், தலைமைச் செயலகத்தில் ஒரு மனு, உறவினர் வீட்டில் ஒரு திருமணம் என ஏதேனும் ஒரு காரணம் வாய்க்கிறது. காரியம் முடிந்ததும் கடற்கரையையும் கடைத்தெருவையும் கண்டுவிட்டு இரவு ரயிலில் திரும்பிவிடுகின்றனர். கோ-ஆப்டெக்ஸ் அலுவலகம் அமைந்துள்ள எழும்பூர்ப் பாந்தியன் சாலையிலேயே அரசினர் பொருட்காட்சிச் சாலையும் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. கவனித்தவரும், "அது படித்தவர்களுக்கு உரிய இடம், தறிக்காரனுக்கும் சம்சாரிக்கும் அங்கே என்ன இருக்கிறது?" என்று கடந்து போகின்றனர். அவ்வெண்ணம் சரியன்று என்பதை விளக்கவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

செத்த காலேஜ்

இச்சாலை 1851-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. இதன் முதற் பொறுப்பாளர் எட்வர்டு பால்பர் என்னும் மருத்துவர். 1854-இல் இது எழும்பூருக்கு மாற்றப்பட்டது. பால்பர் இதே வளாகத்தில் உயிருள்ள விலங்குகளையும் வைத்திருந்தார். அவை பின்னர் வேறிடம் சென்றன. சென்னை மக்கள் மிருகக்காட்சிச் சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் இதனைச் 'செத்த காலேஜ்' என்றும் வழங்கலாயினர்.

இங்குள்ள அமராவதிப் பௌத்தச் சிற்பங்களும், திருவாலங்காட்டு நடராசர் முதலிய செப்புத் திருமேனிகளும் உலகப் புகழ் பெற்றவை. நெசவாளர் அத்திருமேனிகளை வணங்கியதோடு அமையாது, அவற்றின் இடையாடையையும் உற்று நோக்குதல் வேண்டும். கோடும் பூவேலையும் உலோகத்தில் நுணுக்கமாகக் காட்டப்பட்டுள்ளன. அன்றைய துணி அழிந்துவிட்டது. அதன் சாயல் மட்டும் செம்பில் தங்கியிருக்கிறது.

ஆதிச்சநல்லூர் கூறும் செய்தி

அடுத்து நாம் காணவேண்டியவை ஆதிச்சநல்லூர்ப் பொருள்கள். தாமிரபரணிக் கரையில் நம் தூத்துக்குடி மாவட்டத்திலேயே உள்ள ஊர் அது. 1876-இல் யாகோர் என்னும் ஜெர்மானியர் அங்கே தோண்டி எடுத்தவை பெர்லின் நகரம் சேர்ந்தன. 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்தவை எழும்பூருக்கு வந்தன. பொற்பட்டங்கள், வெண்கலப் பாத்திரங்கள், இரும்புக் கருவிகள், தாழிகள் எனப் பல வகைப் பொருள்கள் கிடைத்தன. பானைகளில் நெல்லின் உமியும் சிறுதானிய உமியும் இருந்தன. மட்கிய துணியும் கிடைத்தது.

உமியும் துணியும் என்றால் சம்சாரியும் நெசவாளருமே அல்லவா? ஆயினும் பொன்னும் இரும்பும் நிலைத்த அளவுக்குத் துணி நிலைக்கவில்லை. ஈரமும் பூச்சியும் வெளிச்சமும் பருத்தி நூலுக்குப் பகை. 2023-இல் சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் திறக்கப்பெற்ற காட்சியகத்திலும் இதையே உணரலாம். அங்கே நூல் நூற்ற தக்களிகள் கிடைத்தன. அவற்றில் நூற்கப்பட்ட நூல் மண்ணோடு மண்ணாயிற்று.

கோட்டையும் துணியும்

தலைமைச் செயலகத்திற்கு மனுவோடு செல்வோர், அதே புனித ஜார்ஜ் கோட்டைக்குள் 1948 முதல் இயங்கிவரும் காட்சிச் சாலையையும் காணலாம். அக்கோட்டை எழுந்ததற்கே துணிதான் காரணம். இப்பகுதியில் நல்ல துணி பிற இடங்களைவிட நூற்றுக்கு 20 பங்கு மலிவாகக் கிடைக்கிறது என்று பிரான்சிஸ் டே எழுதியதன்பேரிலேயே ஆங்கிலக் கம்பெனியார் 1640-இல் இங்கு வந்து தங்கினர். 1734-இல் நெசவாளரைக் குடியேற்றிச் சிந்தாதிரிப்பேட்டையை உண்டாக்கினர். 1947 ஆகஸ்டு 15-இல் கோட்டையில் ஏற்றப்பெற்ற பட்டுக்கொடியும் 2013-இல் இங்கே காட்சிக்கு வந்தது. முறையாகப் பேணினால் துணியும் நிலைக்கும் என்பதற்கு அக்கொடியே சான்று.

மாதிரித் துணியின் வலிமை

இனி வருந்தத்தக்க செய்தி ஒன்று. 1866-இல் பார்ப்ஸ் வாட்சன் என்பவர், லண்டனிலிருந்த இந்தியக் காட்சிச் சாலைத் துணிகளிலிருந்து 700 மாதிரிகளை வெட்டியெடுத்து 18 தொகுதிகளாக அமைத்தார். அவ்வாறு செய்த 20 படிகளுள் 13 பிரிட்டனுக்கும் 7 இந்தியாவுக்கும் ஒதுக்கப்பட்டன. இந்தியர் எதை, எவ்வளவு நீளத்தில், எந்தக் கரையோடு உடுத்துகின்றனர் என்பதை அறிந்து அந்நாட்டு மில்காரர் நெய்து அனுப்புவதற்கே இந்த ஏற்பாடு. நம் துணியின் ஒரு சாண் துண்டு அவர்களுக்கு வியாபாரக் கருவியாயிற்று.

அத்தகைய மாதிரி நம் சங்கங்களில் எத்தனை இருக்கின்றன? பார்வையிடச் செல்லும் சங்கங்களில் இருப்புப் புத்தகத்தைக் காண்கிறேன். பத்து ஆண்டுகளுக்கு முன் நெய்த சேலையின் துண்டு ஒன்றைக் கேட்டால் கிடைப்பது அரிது. முதியவர் ஒருவர் தறியை விட்டு இறங்கும்போது அவர் அறிந்த கரையும் கட்டமும் அவரோடு போய்விடுகின்றன. கைபேசிப் படம் இதற்குப் போதாது. துணியின் பிடியும் நூலின் முறுக்கும் படத்தில் வாரா.

நாம் செய்யத்தக்கது

சங்கந்தோறும் ஓர் அலமாரி ஒதுக்குக. நெய்யும் ஒவ்வொரு வகையிலும் ஒரு சாண் துண்டு எடுத்து, நூல் நம்பர், பாவு ஊடை விவரம், சாயம், நெய்தவர் பெயர், ஆண்டு ஆகியவற்றைச் சீட்டில் எழுதி இணைத்திடுக. வெயிலும் ஈரமும் அணுகாமல் வைத்து, ஆண்டுக்கு இருமுறை பூச்சி பார்த்திடுக. விவசாயச் சங்கத்தார் கருங்கண்ணிப் பருத்தி, கம்பு, குதிரைவாலி ஆகியவற்றின் கதிரையும் விதையையும் இவ்வாறே சேர்க்கலாம். கோவில்பட்டியில் 1901 முதல் இருந்துவரும் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தாரிடம் ஆலோசனை கேட்கலாம். இதற்கு ஆகும் செலவு சிறிது. வேண்டுவது நிர்வாகக் குழுவின் தீர்மானமே.

சென்னை செல்வோர் ஒன்றை நினைவிற் கொள்க: மேற்கூறிய இரு காட்சிச் சாலைகளும் வெள்ளிக்கிழமைகளில் திறப்பதில்லை. பழுதுபார்க்கும் பொருட்டுச் சில கூடங்கள் மூடியிருப்பதும் உண்டு. முன்னரே விசாரித்துச் செல்க. நான்கைந்து அங்கத்தினர் சேர்ந்து சென்று, ஒரு தறிக்காரரும் ஒரு சம்சாரியும் அருகருகே நின்று பார்த்தால், ஒருவர் காணாததை மற்றவர் காண்பார். கண்டதை அடுத்த பேரவைக் கூட்டத்தில் கால் மணி நேரம் எடுத்துரைப்பாராயின், அப்பயணத்தின் பயன் சங்கத்தார் அனைவர்க்கும் கிட்டும்.